பாட்டுக்கு விளக்கு பிந்தினால் எங்கே பார்ப்பது?



தீபாவளிக்குக் கடைவீதியில் வெறும் சீரியல் செட் கட்டிய காலம் போய், கம்ப்யூட்டர் வழியே பாட்டுக்கேற்ப நிறம் மாறும் பிக்சல் விளக்குகள் வந்துவிட்டன. 2024 தீபாவளிக்கு எங்கள் வீதியிலும் கடைக்கு 1,500 ரூபாய் வசூலித்துக் கட்டினோம். முதல் நாளே விளக்கு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். கட்டிக் கொடுத்தவர், கண்ட்ரோலர் அத்தனையும் மாற்ற வேண்டும், மேலும் 40,000 ரூபாய் ஆகும் என்றார். சிறு மளிகைக் கடைக்காரரிடம் மறுபடி வசூலுக்கு எந்த முகத்தோடு போவது? இரவு கடை சாத்திய பிறகு நாங்களே உட்கார்ந்து பார்த்தோம். 350 ரூபாய் ஒயரோடு காரியம் முடிந்தது.

முதலில் கவனிக்க வேண்டியது ஒன்றே. பாட்டின் தொடக்கத்தில் எவ்வளவு வித்தியாசம், முடிவில் எவ்வளவு வித்தியாசம்? இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு நோய். போகப் போகக் கூடினால் வேறு நோய். இதைப் பார்க்காமல் எந்தச் சாமானையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

எங்களுடையது முதல் வகை. விளக்கு சரியான நேரத்தில்தான் எரிந்தது, பாட்டுதான் பிந்தியது. காரணம் புளூடூத் ஸ்பீக்கர். அதில் ஒலி ஐந்தில் ஒரு விநாடி வரைகூடப் பிந்தும். சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து நேரே ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தோம், சரியாகிவிட்டது.

போகப் போகக் கூடினால் இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே ஓடுகின்றன என்று பொருள். கண்ட்ரோலர் ஒவ்வொன்றும் தன் மெமரி கார்டிலிருந்து தானாக ஓடினால், ஒரே நொடியில் ஸ்விட்ச் போட்டாலும் ஒத்துப் போகாது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு என்றாலே மணிக்கு 0.36 விநாடி, மாலை 6 முதல் 11 வரை 1.8 விநாடி. ஒன்றைத் தலைமையாக வைத்து மற்றவை அதன்படி ஓடுமாறு செய்வதே மருந்து. எம்.பி.3 பாட்டையும் சோதியுங்கள். பிட் ரேட் மாறிக் கொண்டே இருக்கும் ஃபைலில் சில மென்பொருள்கள் நேரத்தைத் தப்பாகக் கணக்கிடும். ஒரே பிட் ரேட்டாக மாற்றிப் போட வேண்டும்; செலவே இல்லை.

விளக்கு பிந்தாமல், திக்கித் திக்கி ஓடினால் அது எண்ணிக்கைக் கோளாறு. பரவலாகக் கிடைக்கும் டபிள்யூ.எஸ்.2811 வகையில் ஒரு பிக்சலுக்குச் செய்தி அனுப்ப 30 மைக்ரோ விநாடி பிடிக்கும். ஒரே வரிசையில் 1,000 பிக்சல் கோத்தால் 30 மில்லி விநாடி. நிகழ்ச்சியோ 25 மில்லி விநாடிக்கு ஒரு படம் என்று அமைந்திருக்கும். 25 நிமிடத்துக்கு ஒரு லாரி வந்து நிற்க, ஒரு லாரியில் மூட்டை இறக்கவே 30 நிமிடம் என்றால் கிடங்கு வாசல் என்ன ஆகும்? வரிசையை இரண்டாகப் பிரித்து கண்ட்ரோலரின் இரண்டு வாய்களில் கொடுங்கள். இல்லையேல் 50 மில்லி விநாடிக்கு ஒரு படம் என மாற்றி அமையுங்கள். வைஃபை மூலம் அனுப்பினாலும் இப்படித் திக்கும். கூட்டம் சேர்ந்து ஆளுக்கொரு செல்போன் வந்தபின் மட்டும் திக்கினால் வைஃபையைச் சந்தேகியுங்கள். லேன் கேபிள் போடுவது நல்லது.

வரிசையின் கடைசியில் வெள்ளை நிறம் சிவந்து தெரிந்தால் அது நேரக் கோளாறே அல்ல, மின்னழுத்தக் குறைவு. மறுமுனையிலும் சப்ளை கொடுக்க வேண்டும். கை வைக்குமுன் மெயினை அணைத்துவிடுங்கள்.

எல்லாம் சரி செய்தபின்னும் வீதிக் கோடியில் உள்ள கடைக்காரர் மட்டும், "இன்னும் பிந்துதே அண்ணாச்சி" என்றார். போய் நின்று கேட்டோம். அவர் சொன்னது உண்மை. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரிலிருந்து அவர் கடை 100 மீட்டர்; கிட்டத்தட்ட 0.3 விநாடி பிந்தியே அவர் காதில் விழும். ஸ்பீக்கரை வீதி நடுவுக்கு மாற்றினோம். அவருக்குத் தாமதம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதிக்கு எங்களிடம் வழியில்லை.