ஈயைக் கொட்டினால் புழு வருமா?

தாராவி 90 அடி சாலையில் கறிக்கடை, மாட்டுங்காவில் காய்கறிக்கடை, எங்கே நின்றாலும் இதே கேள்வி: "டாக்டரே, அமெரிக்காக்காரன் பிளேன்ல ஈயைக் கொட்டி மாடு தின்னுற புழுவைப் பரப்புறானாமே? ஆட்டோட இங்கயும் வந்துடுமாமே?"

கொட்டுவது உண்மை. பரப்புவதற்கு அல்ல, ஒழிப்பதற்கு. திருகுப்புழு ஈ காயத்தின் ஓரத்தில் முட்டையிடும். புழு உயிருள்ள சதையைத் துளைத்துத் தின்னும். இந்த ஈயின் பெண் பொதுவாக வாழ்நாளில் ஒரே முறைதான் கூடும். அதனால் ஆலையில் வளர்த்து, கூட்டுப்புழுப் பருவத்தில் கதிர்வீச்சில் மலடாக்கி, கோடிக்கணக்கில் விடுகிறார்கள். மலட்டு ஆணோடு கூடிய பெண்ணின் முட்டை பொரிக்காது. முட்டையே பொரிக்காதபோது புழு எங்கிருந்து வரும்? வாட்ஸ்அப்பிலிருந்துதான்.

1954இல் குராசோ தீவில் இந்த முறையாலேயே ஈ ஒழிந்தது. 1966இல் அமெரிக்கா ஒழித்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவில் ஈ இருந்ததால் 1972இல் மீண்டும் பெருவாரியாகப் புழு வைத்தது. பக்கத்து நாட்டையும் சேர்த்தால்தான் ஆகும் என்று புரிந்து, 1991இல் மெக்சிகோ, 2006இல் பனாமா என்று ஈயை ஒழித்து, மலட்டு ஈ வேலியைத் தெற்கே நகர்த்தினார்கள். 1988இல் லிபியாவுக்குப் போன புழுவை அடக்கியதும் மெக்சிகோ ஆலையின் மலட்டு ஈக்கள்தான். இப்போது அந்தப் பனாமா வேலி உடைந்துவிட்டது. 2024 நவம்பரில் மெக்சிகோவில் மறுபடி புழு.

'இங்கயும் வந்துடுமாமே' என்பவர்களுக்கு: நம்மிடம் அதன் பங்காளி ஏற்கெனவே இருக்கிறது. கிரைசோமியா பெசியானா என்று பெயர் வைத்தே நூறாண்டுக்கு மேலாகிறது. செம்பூர்த் தெருநாயின் காதுப்புண்ணில் நெளிவதற்கு அமெரிக்கா எதற்கு?

இந்த மாதிரி வதந்திக்கு நாம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) டெல்லியில் மலட்டுக் கொசு ஆராய்ச்சி நடத்தின. சோனிபட்டில் கொசுவை விடும் நேரத்தில், உயிரியல் போர்ச் சதி என்று கிளம்பிய புகாரில் 1975இல் அதை மூடிவிட்டார்கள். டெங்குக் கொசு இன்னும் நம் வீட்டு டிரம்மில்.

மற்றவை சின்னப் பொய்கள். புழு அழுகிய சதையைத்தான் தின்னும், விட்டுவிடலாமா? கூடாது; சில நாளில் விரல் நுழையும் குழியாகிவிடும். வெந்த கறி தின்றால் புழு வைக்குமா? வைக்காது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஊற்றலாமா? யாரய்யா சொன்னது! சதை வெந்து, நாய் நக்கி, விஷமேறும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், மருந்து கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும்.

பக்ரீத்துக்கு முன் தேவனார் இறைச்சிக்கூடத்துக்கு ராஜஸ்தான், குஜராத்திலிருந்து லாரி லாரியாக ஆடு வருகிறது. கயிறு அறுத்த கழுத்து, உடைந்த கொம்பு, எல்லாம் ஈக்கு விருந்து. இறக்கும் இடத்திலேயே ஒவ்வொரு ஆட்டின் காயத்தையும் பார்த்து மருந்து போட ஆளை வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. ஈயைக் கொட்டும் வாட்ஸ்அப் வீடியோவை அனுப்புகிறவர்கள் அதே நம்பர்களுக்கு இதையும் அனுப்பலாமே.