மிதிவண்டிக்கு ஒரு வழி

புனே நகரை ஒரு காலத்தில் மிதிவண்டிகளின் நகரம் என்றே அழைத்தனர். சதாசிவப் பேட்டை, நாராயணப் பேட்டை முதலிய பழைய பேட்டைகளின் குறுகிய தெருக்களில் ஆசிரியரும் எழுத்தரும் மாணவரும் மிதிவண்டியிலேயே சென்று வந்தனர். கடகியில் உள்ள படைக்கலத் தொழிற்சாலையில் சங்கு ஊதியதும் மிதிவண்டிகள் வரிசை வரிசையாக வெளிவரும். பிழைப்பு நாடித் தமிழகத்திலிருந்து வந்து அவ்வட்டாரத்தில் குடியேறிய குடும்பங்கள் பல. இன்று புனேயில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுள் சிலருடைய பாட்டனார் அவ்வரிசையில் சென்றவராகவும் இருக்கலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் இது. சென்னையின் புழுக்கம் இங்கில்லை. மிதிவண்டிக்கு ஏற்ற ஊர் என்றே சொல்லலாம்.

மாற்றம் மெல்ல வந்தது. பஜாஜ் நிறுவனத்தின் சேத்தக் ஸ்கூட்டரும், கைனட்டிக் நிறுவனத்தின் லூனா மொபெட்டும் 1972ஆம் ஆண்டில் வெளிவந்தன. இரண்டும் புனேயைச் சேர்ந்த நிறுவனங்களே. நடுத்தரக் குடும்பங்களுக்கு அவ்வண்டிகள் பெரும் உதவியாக இருந்தன என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அரை நூற்றாண்டு கழிவதற்குள் நகரின் தோற்றமே மாறிவிட்டது. பதிவு செய்யப்பட்ட வாகனங்கள் ஏறத்தாழ 36 லட்சத்தை எட்டி, நகர மக்கள்தொகையையே விஞ்சிவிட்டன என 2018இல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கணக்கு காட்டியது.

இக்காலப் பிள்ளைகள் சோம்பேறிகள் ஆகிவிட்டனர், அதனால்தான் மிதிவண்டி மறைந்தது என்று பெரியோர் சிலர் கூறுவதுண்டு. அக்கூற்று பொருந்தாது. பேருந்தும் சுமையுந்தும் உரசிச் செல்லும் சாலையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் நியாயமானது. எனவே காரிலோ ஸ்கூட்டரிலோ தாமே கொண்டுவந்து விடுகின்றனர். அவ்வாறு வரும் வண்டிகள் மிகமிகப் பள்ளி வாயில் மேலும் ஆபத்தான இடமாகிறது. அதைக் கண்டு அஞ்சும் வேறு சில பெற்றோரும் மறுநாள் முதல் வண்டியில் வருகின்றனர். அச்சமே நெரிசலைப் பெருக்குகிறது. நெரிசல் மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது.

இன்னொரு தீங்கும் உண்டு. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் வீட்டு ஸ்கூட்டரைத் தாமே ஓட்டிப் பள்ளிக்கு அருகில் எங்கேனும் நிறுத்திவிட்டு வருகின்றனர். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் சட்டத்தை மீறி வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் தண்டத்துடன் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் கிடைக்கலாம். மிதிவண்டிக்கோ உரிமம் எதுவும் வேண்டியதில்லை. தானே ஓட்டித் தானே ஓரிடம் சென்று சேரும் உரிமையைச் சட்டம் பிள்ளைகளுக்கு மிதிவண்டியின் வழியே வழங்குகிறது. அவ்வுரிமை கைக்கெட்டாமற் போனதுதான் பேரிழப்பு.

இழந்ததை மீட்க முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் என்பவர் மாவட்ட ஆட்சியராக இருந்தார். எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் அவ்வியக்கம் சேர்த்துக்கொண்டது. பேருந்து அரிதாக வரும் சிற்றூர்களில், எழுதப் படிக்கத் தெரிந்தும் வீட்டை விட்டு அகல வழியில்லாத பெண்ணுக்கு அப்படிப்பு எவ்வளவு பயன்படும்? களத்துமேட்டிலும் திடலிலும் பெண்கள் மிதிவண்டி பழகினர். சிலர் ஏளனம் செய்தனர். பெண்கள் பொருட்படுத்தவில்லை. வேளாண் கூலியாளர், கல்லுடைப்போர், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் என அனைவரும் கற்றனர். மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பெண்களுக்கான மிதிவண்டிகள் கடைகளில் தீர்ந்துபோகவே, ஆண்களுக்கான மிதிவண்டிகளையும் வாங்கினர். அவற்றின் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திச் செல்லலாம் என்பதால் அவற்றையே விரும்பியவரும் உண்டு! 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய மிதிவண்டிகளில் மணி ஒலித்தபடி புதுக்கோட்டையில் ஊர்வலம் சென்றனர். இதழாளர் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தம் நூலில் இவ்வரலாற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

பின்னர்த் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு மட்டும் கிடைத்தது. பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் அனைவருக்கும் விரிந்தது. பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்காக இத்தகைய திட்டத்தை மேற்கொண்டது. அதனை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியல் அறிஞர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் 32 விழுக்காடு அளவுக்குப் பெருகினர் எனக் கண்டறிந்தனர். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுதியாக விளைந்தது.

ஆனால் சிற்றூரில் போதுமானது பெருநகரில் போதாது. புனேயில் 2017ஆம் ஆண்டின் இறுதியில் கைப்பேசிச் செயலி வழியே வாடகைக்கு எடுக்கும் மிதிவண்டிகள் வந்தன. மஞ்சளும் பச்சையுமாகச் சாலையோரங்களில் நின்ற அவை சில ஆண்டுகளிலேயே மறைந்தன. பல இடங்களில் அமைக்கப்பட்ட மிதிவண்டித் தடங்களிலோ இருசக்கர வாகனங்களும் கடைகளும் இடம்பிடித்துக்கொண்டன. மிதிவண்டி கிடைத்தாலும், அது செல்ல இடம் வேண்டுமன்றோ?

அவ்விடத்தை நெதர்லாந்து நாட்டுப் பெற்றோர் போராடியே பெற்றனர். அங்கே 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் உயிரிழந்தனர். அவருள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்ற முழக்கத்தோடு பெற்றோரும் பிள்ளைகளும் தெருவில் இறங்கினர். அதே காலத்தில் எரிபொருள் தட்டுப்பாடும் நேர்ந்தது. பின்னர் வந்த ஆண்டுகளில் சாலைகள் திருத்தி அமைக்கப்பட்டன. மிதிவண்டிக்குப் பெயர் பெற்ற அந்நாடு இயல்பாகவே அப்படி அமைந்துவிடவில்லை.

ஒரு பள்ளியால் சாலையை அகலப்படுத்த முடியாது. ஆனால் தன் வாயிலைச் சீர்செய்ய முடியும். பல பள்ளிகளில் கார்களுக்கு முன்பக்கம் நிழலான இடமும், மிதிவண்டிகளுக்குக் கழிவுப்பொருள் கிடக்கும் மூலையும் ஒதுக்கப்படுகின்றன. இம்முறையை மாற்றி, வாயிலுக்கு அருகே கூரையிட்ட, பூட்டுவதற்குக் கம்பி உள்ள நிறுத்தம் அமைக்கலாம். காற்றடிக்கும் பம்பு ஒன்றை அங்கே வைக்கலாம். பள்ளி தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் கால்மணி நேரம் வாயிலருகே வண்டிகளை நுழையவிடாமல், சற்றுத் தள்ளி நிறுத்தச் செய்யலாம். பார்சிலோனா நகரில் 2021 முதல் வெள்ளிக்கிழமை காலைகளில் பிள்ளைகள் கூட்டமாக மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கின்றனர். பெரியோர் உடன் செல்ல, குறித்த வழியில் குறித்த நேரத்தில் செல்லும் அவ்வரிசையில் பிள்ளைகள் வழியிலேயே சேர்ந்துகொள்கின்றனர். தனியாகச் செல்லும் ஒரு பிள்ளையை ஓட்டுநர் காணத் தவறலாம்; இருபது பேர் செல்லும் வரிசையை யாரும் காணத் தவறார். மூன்று கிலோமீட்டர் தொலைவை நிதானமாக மிதித்தாலும் கால்மணி நேரத்தில் கடக்கலாம். புனேயின் காலை நெரிசலில் கார் அதைவிட விரைவாகச் செல்லும் என்பதற்கு உறுதியில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் மட்டும் இது கடினமே. அம்மாதங்களில் பேருந்தை நாடுவதில் தவறில்லை.

பயிற்சி

1. நெரிசலும் அச்சமும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்க்கின்றன? சொந்த நடையில் எழுதுக.
2. புதுக்கோட்டைப் பெண்களுக்குக் கிடைத்த உதவிகள் எவை? அவற்றுள் எது இல்லாதிருந்தால் இயக்கம் தளர்ந்திருக்கும்? காரணம் கூறுக.
3. வீட்டில் மூத்தோர் எவரேனும் மிதிவண்டியில் வேலைக்கோ பள்ளிக்கோ சென்றதுண்டா எனக் கேட்டு, அவர் சென்ற வழியைப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக.
4. வீட்டிலிருந்து பள்ளி வரையுள்ள வழியை வரைந்து, மிதிவண்டியில் செல்ல அச்சம் தரும் இடங்களைச் சிவப்பு நிறத்தால் குறிக்க. வகுப்பினர் அனைவரது படங்களையும் ஒன்றுசேர்த்து, பலரும் குறித்த இடங்கள் எவை எனக் கண்டு, அவற்றைச் சீர்செய்யக் கோரி மாநகராட்சி ஆணையருக்கு ஒரு விண்ணப்பம் வரைக.