ஆங்கில வினைச்சொல்லும் காலமும்

ஆங்கில பாஷையைப் பல்லாண்டு பயின்ற மாணாக்கரும், ஒரு நிருபம் வரையப் புகுங்கால் வினைச்சொல்லின் காலத்தில் இடறுதல் கண்கூடு. சூத்திரங்களை நன்கு மனனஞ் செய்யாமையே இதற்குக் காரணமென்பர் சிலர். அஃது ஒரு காரணமாகலாம். முதற் காரணம் அன்று. தமிழ் காலங் காட்டும் நெறி வேறு, ஆங்கிலங் காட்டும் நெறி வேறு. இவ்விரண்டையும் ஒப்புநோக்கி அறிந்தாலன்றி இவ்விடர்ப்பாடு நீங்காது.

முதற்கண் வினையின் வடிவத்தை நோக்குவோம். தமிழ் வினை தன் நடுவே ஓர் இடைநிலையைத் தாங்கிக் காலத்தை உணர்த்தும். செய்தான், செய்கிறான், செய்வான் என்பவற்றில் த், கிறு, வ் என்பன முறையே இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் மூன்றையும் காட்டுகின்றன. ஆங்கில வினையோ தன்னுருவில் நிகழ்வையும் இறப்பையுமே காட்ட வல்லது. எதிர்வைக் காட்டப் பெரும்பாலும் 'வில்', 'ஷல்' என்னும் துணைவினைகளை நாடும். அதன் இறந்தகாலம் 'வாக்', 'வாக்ட்' என ஈறு பெற்றும், 'ஸிங்', 'ஸாங்' என உள்ளுயிர் திரிந்தும், 'கோ', 'வென்ட்' எனச் சொல்லே வேறாகியும் வரும். வா என்பது வந்தான் எனவும், காண் என்பது கண்டான் எனவும் குறுகுதலை அறிந்த நமக்கு இத்திரிபு புதியதன்று.

'ஹி டிட் நாட் வென்ட்' என்று எழுதுவோர் உளர். 'டிட்' என்னுந் துணைவினையே காலத்தைச் சுமத்தலின், பின்வரும் வினை 'கோ' என்று இயல்பாகவே நிற்றல் வேண்டும். 'போகவில்லை' என்பதிற் 'போக' என்னும் எச்சம் இறந்தகால உருப் பெறாது நிற்றலை நினைவிற் கொண்டால் இப்பிழை நேராது.

இனிப் பயன்பாட்டைக் காண்போம். புதுக்கோட்டையினின்றும் ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசற் குன்றையே உதாரணமாகக் கொள்வோம். அங்கே ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமண முனிவர்களுக்கென வெட்டப்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றிலுள்ள தமிழிக் கல்வெட்டு கி.மு. முதல் நூற்றாண்டினது என்பர் அறிஞர். அக்குன்றிலுள்ள அறிவர் கோயிலில் தாமரைத் தடாக ஓவியம் விளங்குகின்றது. அது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும்.

படுக்கை வெட்டிய செயல் ஒரு காலத்தில் நிகழ்ந்து முடிந்தது. ஆதலின் 'மென் கட் தி பெட்ஸ்' என எளிய இறந்தகாலமே ஏற்றது. ஓவியத்தின் வண்ணம் மங்கியது முன்னர். அதன் பயனோ இன்றுங் கண்முன் நிற்கின்றது. ஆகவே 'தி கலர்ஸ் ஹாவ் ஃபேடட்' என்க. ஓவியர் வந்தபோது படுக்கைகள் முன்னரே இருந்தன. இறந்தகாலச் செயல் இரண்டனுள் முந்தியதைத் தெளிவுறுத்த 'ஹாட் கட்' என்பது வரும். இங்ஙனம் ஒரு குன்றே மூன்று நிலைகளையும் நமக்குக் கற்பிக்கின்றது.

'நேற்றே வந்துவிட்டான்' என்பது தமிழுக்கு இயல்பு. அதனை அவ்வாறே பெயர்த்து 'ஹி ஹாஸ் கம் யெஸ்டர்டே' என்றல் ஆங்கிலத்திற்கு வழு. நேற்று, சென்ற ஆண்டு என முடிந்த பொழுதைச் சுட்டுஞ் சொல் வருமாயின் 'கேம்' என்பதே கொள்க. அன்றியும், 'அவர் நாள்தோறும் வருவார்' என வழக்கத்தை நாம் எதிர்காலத்தாற் கூறுவோம். ஆங்கிலரோ அதனை நிகழ்காலத்தாற் கூறி 'ஹி கம்ஸ் எவ்ரி டே' என்பர்.

இவை பரீட்சைக்கு மட்டும் உரியன என்று எண்ணற்க. உத்தியோகம் வேண்டி விண்ணப்பஞ் செய்யும் ஒருவன், தான் இன்றும் பணிபுரியும் இடத்தைப் பற்றி 'ஐ ஒர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்' என்று எழுதினால், படிப்போர் அவன் அவ்வேலையினின்றும் நீங்கினான் என்றே கொள்வர். 'ஹாவ் ஒர்க்ட்' என்றிருப்பின் அவன் கருத்து விளங்கும். அவன் பொய்யுரைத்தானல்லன், ஆயினும் மெய் மறைந்தது.

ஆதலின் மாணாக்கர்களே, ஒரு வாக்கியத்தை எழுதுமுன், 'இச்செயல் எப்பொழுது நிகழ்ந்தது? முடிந்ததா? அதன் பயன் இன்றும் உளதா?' என்னும் மூன்று வினாக்களை நுமக்குள் எழுப்புமின். விடை தெளிவாயின் வினையுந் தானே செவ்விதின் அமையும். தாய்மொழியின் இலக்கணத்தை உணர்ந்தோர்க்குப் பிறமொழி இலக்கணம் அரிதன்று.