பார்லிமெண்டும் நம் பொதுச்சபையும்

செந்துறை வட்டத்து ஆலத்தியூரில் அங்கத்தினர் சிலருடன் நாம் உரையாடிக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். “கூட்டுறவுச் சங்கங்களுக்காக டில்லிப் பார்லிமெண்டிலே சட்டம் நிறைவேற்றினார்களாம். பிறகு அது செல்லாது என்று கோர்ட்டிலே சொல்லிவிட்டார்களாம். பார்லிமெண்டுக்கும் மேலே யார் இருக்கிறார்கள், ஐயா?” என்றார். அன்று சுருக்கமாக விடை கூறினோம். கேள்வி நம் எல்லோருக்கும் உரியதாகையால், அதனை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

அமைப்பு

ஜனாதிபதி, ராஜ்யசபை, லோக்சபை ஆகிய மூன்றும் சேர்ந்ததே பார்லிமெண்டு என்று நமது அரசியல் சட்டத்தின் 79-ஆவது ஷரத்துக் கூறுகிறது. லோக்சபையை மக்களவை என்றும், ராஜ்யசபையை மாநிலங்களவை என்றும் தமிழில் வழங்குகிறோம்.

லோக்சபைக்கு 543 தொகுதிகளிலிருந்து வாக்காளர்கள் நேரடியாக அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் பங்கு 39. அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகிய சட்டசபைத் தொகுதிகள் சிதம்பரம் லோக்சபைத் தொகுதியில் அடங்கியுள்ளன; பெரம்பலூர், அதன் பெயராலேயே அமைந்த லோக்சபைத் தொகுதியில் உள்ளது. இச்சபையின் ஆயுள் 5 ஆண்டு; அதற்கு முன்பும் கலைக்கப்படலாம்.

ராஜ்யசபையில் 245 இடங்கள் உள்ளன. அவற்றுள் 12 இடங்களுக்கு இலக்கியம், விஞ்ஞானம், கலை, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களை ஜனாதிபதி நியமிக்கிறார். ஏனையோரை மாநிலச் சட்டசபை அங்கத்தினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து 18 பேர் செல்கின்றனர். ஒவ்வொருவருக்கும் பதவிக்காலம் 6 ஆண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவர். ஆனால் சபை கலைவதில்லை.

இவ்வமைப்பு நமக்குப் புதியதன்று. நம் சங்கத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்குதான். நாட்டுத் தேர்தலிலும் தறியில் அமர்பவருக்கும் ஆலை முதலாளிக்கும் ஒரே வாக்கு. நம் பொதுச்சபையில் அங்கத்தினர் யாவரும் நேரே கூடுகிறோம். கோடிக்கணக்கான மக்கள் ஓரிடத்தில் கூட இயலாது. ஆகவே பிரதிநிதிகளை அனுப்புகிறார்கள். பொதுச்சபைக்குக் கோரம் இருப்பது போலப் பார்லிமெண்டுக்கும் உண்டு. மொத்த அங்கத்தினரில் பத்தில் ஒரு பங்கினர், அதாவது லோக்சபையில் 55 பேர், இருந்தால்தான் கூட்டம் நடைபெறலாம். ஒரு கூட்டத்தொடருக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறு மாதம் கழிந்துவிடக் கூடாது என்பதும் விதி.

பதில் சொல்லும் கடமை

பிரதம மந்திரியும் மற்ற மந்திரிகளும் கூட்டாக லோக்சபைக்குப் பொறுப்புடையவர்கள். இதனை 75-ஆவது ஷரத்து விதிக்கிறது. இப்பொறுப்பு என்பது யாது என்பதற்கு நம் அரியலூரே ஒரு சாட்சி.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் அதிகாலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தால் பாலம் பழுதுற்று, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் மாண்டனர். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்தவர் லால்பகதூர் சாஸ்திரி. அவர் பாலத்தைக் கட்டியவரும் அல்லர். வண்டியை ஓட்டியவரும் அல்லர். எனினும் தம் இலாகாவில் நிகழ்ந்த துயரத்திற்குத் தாமே பொறுப்பு என்று பதவியைத் துறந்தார். நேர்ந்ததற்குச் சாஸ்திரி காரணமல்லர் என்றாலும், அரசியல் முறைமைக்கு நல்ல முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே ராஜினாமாவை ஏற்பதாகப் பிரதம மந்திரி நேரு விளக்கினார்.

மந்திரிகள் தாமே விலகாவிடினும், லோக்சபை அவர்களை விலக்க முடியும். 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் வாஜ்பாய் மந்திரிசபை நம்பிக்கை கோரியபோது ஆதரவாக 269 வாக்குகளும் எதிராக 270 வாக்குகளும் விழுந்தன. ஒரே வாக்கு வித்தியாசத்தில் மந்திரிசபை வீழ்ந்தது. “என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது?” என்று கூட்டத்திற்கு வராதிருக்கும் நம் அங்கத்தினர்கள் இதனை நினைவில் வைத்தல் நலம்.

நாள்தோறும் பொறுப்பை வலியுறுத்தும் வழி கேள்வி நேரம். லோக்சபையில் அமர்வின் முதல் மணி நேரம் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி வாய்மொழியாக விடை தரவேண்டும். அதன்மேல் துணைக் கேள்விகளும் எழுப்பலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்து மூலம் விடை கிடைக்கும்.

இதனால் நமக்கு என்ன என்று எண்ண வேண்டா. 1985-ஆம் ஆண்டு பார்லிமெண்டு இயற்றிய கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட விவரங்களுக்கு உட்பட்ட சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் முதலிய 11 வகைகள் கைத்தறிக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. 1993-இல் உச்ச நீதிமன்றமும் இச்சட்டத்தை உறுதி செய்தது. ஆனால் எவ்வகைகள் பட்டியலில் இருக்கவேண்டும் என்பதைச் சட்டத்தின் கீழ் மத்திய சர்க்காரே உத்தரவால் நிர்ணயிக்கிறது. நம் பகுதியில் விளையும் பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் குறைந்தபட்ச ஆதார விலையை அறிவிப்பதும் அதுவே. சர்க்காரின் கையில் உள்ள இவற்றைப் பற்றிக் கேட்கும் உரிமை சபைக்கு உண்டு. கேட்குமாறு நம் பிரதிநிதியிடம் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

மசோதா செல்லும் வழி

சட்டத்தின் முன்வடிவமே மசோதா. அது சபையில் அறிமுகமாகி, விவாதிக்கப்பட்டு, வேண்டுமாயின் கமிட்டிக்கு அனுப்பப்பட்டு, ஷரத்து ஷரத்தாக ஆராயப்பட்டு வாக்குக்கு விடப்படும். பின்னர் மற்றச் சபையும் நிறைவேற்றி, ஜனாதிபதி ஒப்புதல் அளித்தால் சட்டமாகும்.

நம் துறையிலிருந்தே ஓர் உதாரணம் கூறுவோம். பல மாநிலங்களில் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதா, 2022 டிசம்பர் 7-இல் லோக்சபையில் அறிமுகமாயிற்று. அம்மாதம் 20-ஆம் நாள் இரு சபைகளின் கூட்டுக் கமிட்டிக்கு அனுப்பப்பட்டது. கமிட்டி 2023 மார்ச்சில் அறிக்கை தந்தது. ஜூலை 25-இல் லோக்சபையும், ஆகஸ்டு 1-இல் ராஜ்யசபையும் நிறைவேற்றின. அச்சங்கங்களின் தேர்தலை நடத்தத் தனி அதிகார அமைப்பு ஒன்று இத்திருத்தத்தால் ஏற்பட்டது.

பண மசோதாவுக்கு மட்டும் முறை வேறு. அது லோக்சபையிலேயே தொடங்கவேண்டும். ராஜ்யசபை 14 நாட்களுக்குள் யோசனை கூறலாம், தடுக்க இயலாது. சட்டத்தின் அதிகாரமின்றி வரி வசூலிக்கக் கூடாது; சபையின் அனுமதியின்றிச் செலவழிக்கவும் கூடாது. செலவான பின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்கிறார். அவருடைய அறிக்கையை 22 அங்கத்தினர் கொண்ட பொதுக் கணக்குக் கமிட்டி ஆராய்கிறது. நம் சங்கத்தின் தணிக்கை அறிக்கை பொதுச்சபையின் முன் வைக்கப்படுவதும் இதே தத்துவத்தால்தான்.

சபைக்கும் உபவிதி உண்டு

இப்போது ஆலத்தியூர்ப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 97-ஆவது திருத்தம் 2011 டிசம்பரில் இரு சபைகளிலும் நிறைவேறி, 2012 பிப்ரவரி 15 முதல் அமலுக்கு வந்தது. நிர்வாக சபையில் 21 பேருக்கு மேற்படலாகாது, பதவிக்காலம் 5 ஆண்டு, காலாவதிக்கு முன்பே தேர்தல் நடத்தவேண்டும் என்பன போன்ற நல்ல விதிகள் அதில் இருந்தன. ஆயினும் கூட்டுறவுச் சங்கங்கள் என்னும் விஷயம் மாநிலங்களின் பட்டியலில் 32-ஆவது இனமாக உள்ளது. மாநிலச் சட்டசபைகளின் அதிகாரத்தைக் குறுக்கும் திருத்தமாயின், இரு சபைகளின் விசேஷப் பெரும்பான்மையோடு, குறைந்தது பாதி மாநிலச் சட்டசபைகளின் இசைவும் வேண்டும் என்று 368-ஆவது ஷரத்துக் கூறுகிறது. அவ்விசைவு பெறப்படவில்லை. எனவே, சங்கங்களைப் பற்றிய அப்பகுதியை 2013-இல் குஜராத் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2021 ஜூலை 20-இல் உச்ச நீதிமன்றமும், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. பல மாநிலச் சங்கங்களுக்கு மட்டும் அப்பகுதி நின்றது. கூட்டுறவுச் சங்கம் அமைப்பது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 19-ஆவது ஷரத்தில் அதே திருத்தம் சேர்த்த சொற்களும் நிலைத்துள்ளன.

பெரியவரே, பார்லிமெண்டுக்கு மேலே இருப்பது அரசியல் சட்டம். நம் பொதுச்சபை உபவிதியைத் திருத்த எத்தனை பேர் கைதூக்கினாலும், முறைப்படி பதிவு பெறாத திருத்தம் செல்லாது. நாட்டின் பெரிய சபையும் அவ்வாறே முறைக்குக் கட்டுப்பட்டது. நல்ல நோக்கத்தோடு செய்தோம் என்பது முறை தவறியதற்குச் சமாதானம் ஆகாது.

நாம் செய்ய வேண்டுவது

மந்திரி சபைக்குப் பதில் சொல்கிறார். சபை அரசியல் சட்டத்திற்குக் கட்டுப்படுகிறது. அங்கத்தினர் தேர்தலில் மக்கள்முன் நிற்கிறார். கேட்பவர் இல்லையேல் இச்சங்கிலி துருப்பிடித்துவிடும். நம் சங்கத்திலும் இதுவே நிலை. தணிக்கை அறிக்கையைக் கேளாமல் கையொப்பமிட்டுத் திரும்பும் அங்கத்தினர், பின்னர் நூல் இருப்புக் குறைந்தது என்றோ, கடன் பாக்கி கூடியது என்றோ வருந்துவதில் பயனில்லை.

ஆகவே அடுத்த பொதுச்சபைக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் மூன்று கேள்விகளோடு செல்லவேண்டுகிறோம். சென்ற ஆண்டுத் தணிக்கையில் காட்டிய குறைகள் யாவை? அவற்றை நீக்க நிர்வாக சபை செய்தது என்ன? இன்று நாம் நிறைவேற்றும் தீர்மானத்திற்கு உபவிதியில் இடம் உண்டா? இம்மூன்றையும் பணிவுடனும் உறுதியுடனும் கேட்கப் பழகியவர், டில்லிக்குத் தாம் அனுப்பிய பிரதிநிதியிடமும் கேட்கத் தெரிந்தவராவார்.