மதுராந்தகத்தில் மாறிய திட்டம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

காஞ்சியில் பட்டு நெய்பவர் தறியில் அமருமுன்பே இழைக்கணக்கு, நீளம், கரையின் நிறம் ஆகியவற்றை முடிவு செய்து பாவை ஆயத்தமாக்கிவிடுகிறார். நெய்கையில் ஓரிழை அறுந்தால் தறியை நிறுத்தி, அதைப் பிணைத்து, மேலே நெய்கிறார். அதற்காகப் பாவையே அறுத்தெறிவதில்லை. முன்னேற்பாடும், எதிர்பாராதது நேரும்போது இசைந்து கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இதனை அந்நகரிலே வாழ்ந்த எம்பெருமானாரின் சரிதமும் நமக்கு உணர்த்துகிறது.

பேரருளாளன் ஸந்நிதியில் பெரிய நம்பிகள் ஸ்தோத்ர ரத்னத்தை அநுஸந்திக்கக் கேட்ட இளையாழ்வார், அதை அருளிச்செய்த ஆளவந்தாரை ஸேவிக்க விரும்பி, நம்பிகளுடனே திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். அவர்கள் சென்று சேர்வதற்குள் ஆளவந்தார் பரமபதித்துவிட்டார். சரமத் திருமேனியை மட்டுமே ஸேவிக்கப் பெற்ற இளையாழ்வார், மடங்கியிருந்த மூன்று திருவிரல்களைக் கண்டு, அவருடைய மனோரதங்களை நிறைவேற்றுவதாக உறுதிபூண்டார், விரல்களும் நிமிர்ந்தன. பெரிய பெருமாளையும் ஸேவியாமல், ஆற்றாமையுடன் காஞ்சிக்குத் திரும்பினார் என்று குருபரம்பரை கூறும்.

பின்னர் தம் ஐயங்களைத் திருக்கச்சி நம்பிகள் மூலமாகப் பேரருளாளனிடம் விண்ணப்பித்து, ஆறு வார்த்தைகளை விடையாகப் பெற்றார். சரணடைந்தவனுக்கு அந்திம ஸ்ம்ருதி வேண்டுவதில்லை என்பது அவற்றுள் ஒன்று. பெரிய நம்பிகளை ஆச்ரயிக்க வேண்டும் என்பது மற்றொன்று. உடனே அவர் திருவரங்கத்தை நோக்கிப் புறப்பட்டார். அதே வேளையில் அவரை அழைத்துச் செல்லப் பெரிய நம்பிகளும் காஞ்சியை நோக்கி வந்துகொண்டிருந்தார். இருவரும் மதுராந்தகத்தில் ஏரிகாத்த ராமன் ஸந்நிதியில் சந்தித்தனர்.

அங்கேயே தமக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளும்படி இளையாழ்வார் பிரார்த்தித்தார். காஞ்சியில் பேரருளாளன் திருமுன்பே செய்யலாமே என்றார் நம்பிகள். குறை காண முடியாத ஏற்பாடுதான் அது. ஆனால் ஆளவந்தாரை ஸேவிக்கச் சென்றபோது நேர்ந்ததை நினைவூட்டிய இளையாழ்வார், இனி ஒரு கணமும் தாமதிக்கத் தமக்குத் துணிவில்லை என்றார். நம்பிகளும் இசைந்து, மகிழ மரத்தடியிலேயே அவருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளினார். அதன் பின்னரே இருவரும் காஞ்சிக்கு எழுந்தருளினர். அங்கே நம்பிகள் அவருக்கு அருளிச்செயல்களைக் கற்பித்தார்.

இங்கே மாறியது எது, மாறாதது எது என்று நோக்க வேண்டும். ஆசார்ய ஸம்பந்தம் பெறுவது என்ற நோக்கம் பாவைப் போல நிலையாக நின்றது. இடமும் வேளையும் மட்டுமே மாறின. நோக்கத்தையும் வசதியையும் பிரித்தறிந்தவருக்கே இவ்விதம் இசைந்து கொடுக்க இயலும்.

வெளிநாடுகளில் வாழும் நம்மில் பலர், அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, எல்லா உறவினரும் கூடும்போது ஸமாச்ரயணம் செய்துகொள்ளலாம் என்று ஆண்டுகளைக் கடத்துகிறோம். திட்டம் நல்லதே. ஆனால் ஆசார்யனே நாம் இருக்கும் ஊருக்கு எழுந்தருளும்போதும் அத்திட்டத்தைக் காட்டி ஒதுங்கினால், இழப்பது வசதியை அன்று, நோக்கத்தையே.

நம் திட்டத்துக்கு எட்டாத இறுதிக் கணத்தைப் பேரருளாளன் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டான். நம் கைக்கு எட்டியதைத் தள்ளிப்போடாதிருப்பது நம் பொறுப்பு.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்