பரிந்துரைக் கடிதத்தில் எதை எழுதுவது?

கேள்வி: என் பத்தாம் வகுப்பு மாணவன் வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுத வரவில்லை. பொதுத்தேர்வுச் சலுகைக்குப் பரிந்துரை எப்படி எழுதுவது?
– ஓர் ஆசிரியை, செம்மேடு, கொல்லிமலை

பதில்: ‘நல்ல பையன், உதவுங்கள்’ என்பது பாராட்டு, பரிந்துரை ஆகாது. குறைபாட்டுக்கு நீங்கள் பெயர் சூட்டவும் வேண்டாம், அது மருத்துவர் வேலை. வகுப்பில் கண்டதை எழுதுங்கள்: கரும்பலகையைப் பார்த்து ஐந்து வரி எழுத எவ்வளவு நேரமாகிறது, எந்த எழுத்துகள் இடம் மாறுகின்றன, அதே கேள்விக்கு வாய்மொழியாக என்ன சொல்கிறான். விடைத்தாள் நகல் இரண்டை இணையுங்கள். மிளகு, காபி பறிப்புக்குப் போய் வகுப்பைத் தவறவிட்டவனா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வராததால் வந்த தடுமாற்றம் வேறு, கற்றல் குறைபாடு வேறு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் அதன் 17ஆம் பிரிவிலேயே இருக்கின்றன. எனவே கெஞ்சும் தொனி எதற்கு? மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். சான்று பெறும் வழியைக் கேட்க வட்டார வள மையச் சிறப்பாசிரியரை இப்போதே கூப்பிடுங்கள். சான்றுக்காக மலையிறங்கினால் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி போய்விடும், வீண் அலைச்சல் கூடாது. அனுப்புமுன் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.