கறிவேப்பிலையை ஒதுக்கலாமா?

காரியம் முடிந்ததும் ஒருவரைக் கைவிடுவதைக் 'கறிவேப்பிலை போல ஒதுக்கிவிட்டார்கள்' என்று சொல்வது நம் வழக்கு. தாளிதத்தில் மணம் தந்த இலை, உண்ணும்போது ஓரமாகத் தள்ளப்படுவதால் வந்த பேச்சு அது. சாப்பாட்டில் சேர்த்துவிட்டோமே, சத்து கிடைத்திருக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். குழம்பில் இறங்குவது பெரும்பாலும் மணம்தான். சத்து வேண்டுமானால் இலையை மென்று உண்ண வேண்டும். அப்படி உண்ண, அது மருந்து தெளிக்காத இலையாக இருக்க வேண்டும்.

இலையில் உள்ள சத்து

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, 100 கிராம் பச்சைக் கறிவேப்பிலையில் 830 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. மண்ணுக்கும் இரகத்துக்கும் ஏற்ப இது கூடும், குறையும். உடலில் வைட்டமின் 'ஏ'யாக மாறும் கரோட்டினும் இதில் மிகுதி. நார்ச்சத்தும் உண்டு.

ஆனால் 100 கிராம் இலையை ஒரே நாளில் யாரும் உண்பதில்லை. தாளிதத்தில் ஒருவர் பங்குக்கு வருவது ஓரிரண்டு கிராம்தான். அதை மென்று விழுங்கினாலும் சுமார் 8 முதல் 16 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தே சேரும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் தேவை என்று 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் 100 கிராம் இலையைத் துவையலாக அரைத்தால் ஒருவருக்கு 25 கிராம் வீதம் சுமார் 200 மில்லிகிராம் வரும். கீரைகளைப் போல இதிலும் ஆக்ஸாலிக் அமிலம் இருப்பதால் சுண்ணாம்புச் சத்து முழுவதும் உடலில் சேராது. ஆகவே இது பாலுக்கும் கேழ்வரகுக்கும் துணையே தவிர மாற்று ஆகாது.

சர்க்கரை நோய்க்கும் நரைக்கும் இதுவே மருந்து என்று பலர் சொல்வதுண்டு. அதை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. கறிவேப்பிலை நல்ல உணவு. அந்த அளவில் அதைக் கொள்வதே நலம்.

சந்தை இலையும் நச்சு மருந்தும்

கோவை மாவட்டத்தில் காரமடை, மேட்டுப்பாளையம் பகுதிகளில் கறிவேப்பிலை தனிப் பயிராகவே சாகுபடி செய்யப்படுகிறது. மணம் மிகுந்த 'செங்காம்பு' இரகம் அங்கு பெயர் பெற்றது. புள்ளியோ ஓட்டையோ இல்லாத இலைக்கே சந்தையில் மதிப்பு. அதனால் மருந்து தெளிப்பதும் அடிக்கடி நடக்கிறது. மற்றக் காய்களைப் போல இதற்குத் தோல் கிடையாது. மருந்து படும் இலையே உணவாகிறது. நச்சு மருந்தின் எச்சத்தைக் கருதி, இந்தியாவிலிருந்து வரும் கறிவேப்பிலையை ஐரோப்பிய நாடுகள் தனிக் கட்டுப்பாட்டில் வைத்துச் சோதித்து வந்துள்ளன. ஆகவே இது வாங்குவோர் கவலை மட்டுமல்ல, பயிரிடுவோர் பிழைப்பும் இதில் அடங்கியுள்ளது.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எலுமிச்சையைத் தாக்கும் வண்ணத்துப்பூச்சியின் புழுவே இதன் இளந்துளிரையும் தின்கிறது. இளம் புழு பறவை எச்சம் போல் தோன்றும். வளர்ந்தபின் பச்சை நிறமாகும். சில செடிகளே உள்ள இடத்தில் கையால் பொறுக்கி அழித்தாலே போதும். துளிரில் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றை மாலையில் தெளிக்கலாம். இதற்கு லிட்டருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதிசோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். இரசாயன மருந்து தவிர்க்க முடியாதபோது வேளாண்மை அலுவலரின் யோசனைப்படியே தெளித்து, குறித்த நாட்கள் கழியும் முன் இலையைப் பறிக்கக் கூடாது.

கடையில் வாங்கிய இலையைப் புளி கரைத்த நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசுவது நல்லது. மேலே படிந்த மருந்து ஓரளவு நீங்கும். இலைக்குள் ஊடுருவிய மருந்து போகாது.

வீட்டுக்கு ஒரு செடி

ஒரு குடும்பத்துக்கு இரண்டு செடிகள் போதும். வடிகால் உள்ள செம்மண் சிறந்தது. தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யும். ஆடி, ஆவணியில் கறுத்துப் பழுக்கும் பழங்களைப் பறித்து, சதையைக் கசக்கி நீக்கி, உடனே விதைக்க வேண்டும். விதையைக் காயவைத்துச் சேமித்தால் முளைப்புத் திறன் விரைவில் போய்விடும். பெரிய மரத்தடியில் வேரிலிருந்து வரும் பக்கக்கன்றுகளை மழைக்காலத்தில் வேருடன் பிரித்தும் நடலாம்.

ஒரு அடி நீள, அகல, ஆழக் குழியில் மக்கிய தொழு உரமும் மேல் மண்ணும் கலந்து நட வேண்டும். செடி ஒரு மீட்டர் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் ஐந்தாறு பக்கக் கிளைகள் வெடிக்கும். நுனி கிள்ளாத செடி உயரமாகப் போய், இலை கைக்கு எட்டாது. பறிக்கும்போது இலையை உருவாமல் ஈர்க்கோடு ஒடிக்க வேண்டும். மார்கழி, தைக் குளிரில் துளிர் குறைவது இயல்பு. அதைக் கண்டு உரத்தை அள்ளி இட வேண்டாம். இடம் இல்லாதவர்கள் வெயில் படும் மாடியில் பெரிய தொட்டியில் வளர்க்கலாம்.

சமையலில் முழுப் பயன்

பொடி: கழுவி நிழலில் உலர்த்திய இலை இரண்டு கைப்பிடி, உளுத்தம்பருப்பும் கடலைப்பருப்பும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி, மிளகாய் வற்றல் ஆறு, கோலியளவு புளி, பெருங்காயம், உப்பு எடுத்துக்கொள்ளவும். பருப்பையும் மிளகாயையும் சிவக்க வறுத்து எடுத்து, அதே சட்டியில் இலையை மொறுமொறுப்பாக வாட்டி, ஆறியபின் எல்லாவற்றையும் சேர்த்துப் பொடிக்கவும். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து உண்ணலாம். கரோட்டின் எண்ணெயுடன் சேர்ந்தால்தான் உடலில் நன்கு சேரும்.

குழம்பு: மிளகு, சீரகம், உளுத்தம்பருப்புடன் இலையை வதக்கி அரைத்துப் புளிக்கரைசலில் கொதிக்கவிட்டால் கறிவேப்பிலைக் குழம்பு. பிள்ளைபெற்ற பெண்களுக்குப் பத்தியச் சாப்பாட்டில் இதை வைப்பது பல வீடுகளில் வழக்கம்.

தாளிதத்துக்கும் முழு இலைக்குப் பதிலாகப் பொடியாக நறுக்கிய இலையைப் போட்டால், பிள்ளைகள் பொறுக்கி ஒதுக்க வழியிராது. அடை மாவிலும் மோரிலும் அரைத்துக் கலப்பதும் எளிது. வாரம் இரண்டு நாள் துவையலோ பொடியோ இலையில் விழுந்தால், கொல்லைச் செடியின் பலன் வீட்டாருக்கு முழுதாகச் சேரும்.